பால்கனியில் ஒரு சுங்குடிச் சேலை

குளியலறைக் கதவின் பின்னால் அந்த அட்டை தொங்கியது. 'அன்புள்ள விருந்தினரே, தயவுசெய்து பால்கனியில் துணி உலர்த்த வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுதி, கீழே சிரிக்கும் சூரியன் ஒன்றையும் வரைந்திருந்தார்கள். பிழிந்த நைட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி அதை இரண்டு தரம் படித்தாள்.

"இவ்வளவு வெயிலையும் காத்தையும் வச்சுக்கிட்டு துணி காயப்போடாதங்கறானே, என்ன ஊருங்க இது?"

ஊர் கிரீஸ். அதில் ஒரு தீவு, தீவில் ஒரு துறைமுகக் கிராமம். பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை, ஆகவே உங்களையும் சிரமப்படுத்தவில்லை. எங்கள் கல்யாண நாளுக்கு மகள் பிடித்துக் கொடுத்த இடம் இது. "பொட்டிக் ஹோட்டல்ப்பா, மொத்தமே ஒன்பது ரூம்தான்" என்றாள். எனக்குப் பெட்டிக்கடைதான் தெரியும். பதினேழு வருடமாக அஜ்மானில் குடியிருந்து துபாய்க்கு டிராஃபிக்கில் ஊர்ந்துபோய் வேலை பார்க்கிறவனுக்கு, ஜன்னலைத் திறந்தால் மீன்பிடிப் படகு தெரியும் அறை என்பது கொஞ்சம் அதிகம்தான். வந்த முதல் நாள் எங்கே உட்காருவது என்றே தெரியாமல் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

ஆனால் என் கைக்குத் தெரிந்திருந்தது. அது தானாகப் போய் மெத்தையின் மூலையைத் தூக்கி, விரிப்பை எப்படி மடித்துச் செருகியிருக்கிறார்கள் என்று பார்த்தது. சலவை விரிப்பின் பிளீச்சிங் வாடையும் ஜன்னல் வழியாக வந்த உப்புக்காற்றும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்கு கிரீஸ் போய்விட்டது, மத்ரா வந்துவிட்டது. மஸ்கட்டின் பழைய துறைமுகப் பகுதி. அங்கே கடற்கரைச் சாலையில் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலில்தான் நான் முதன்முதலில் ரிசப்ஷனில் நின்றேன். பொட்டிக் என்ற சொல்லை அன்று அந்த ஹோட்டலிடம் யாராவது சொல்லியிருந்தால் அது பயந்து இடிந்திருக்கும்.

அங்கே மேனேஜர் மீரான் காக்கா. காயல்பட்டினத்துக்காரர். அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள், அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். அறைகளைச் சுத்தம் செய்தவர் சேவுகன் அண்ணன். சிவகங்கைப் பக்கம் ஒரு பொட்டல் கிராமம். பன்னிரண்டு அறைகளுக்கும் அவர் ஒருவரே ஹவுஸ்கீப்பிங். விரிப்பை அவர் உதறிப் போட்டால் அது சொன்ன இடத்தில் போய் விழும். நானும் ஆசைப்பட்டு ஒருநாள் உதறினேன், மேசை விளக்கு விழுந்தது.

அண்ணனுக்கு அப்போது ஆறு வருட சர்வீஸ். இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, யாரிடமோ பேசுவதுபோலச் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவளுக்கு ஒருதடவ இந்தக் கடலக் காட்டணும் காக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. மலையும் கடலும் ஒட்டிக்கிட்டா இருக்கும்னு கேக்குறா."

காக்கா மஸ்கட்டின் கடைவீதியான ரூவியில் யார் யாரையோ பார்த்து இரண்டு மாதத்தில் அண்ணனின் சம்சாரம் பஞ்சவர்ணம் மதினிக்கு விசிட் விசா வாங்கிவிட்டார். பையனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பதினான்கு நாள் வந்து போகலாம். எல்லாம் சரி, எங்கே தங்குவது?

கல்ஃபில் பேச்சிலர் அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுடைய சம்சாரம் வந்தால் மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு நண்பர்களின் அறைக்குப் போய்விடுவார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை. பருப்பு டப்பாவையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் எங்கள் ரூம் கம்பெனி ரூம், எட்டுப் பேர், வாசலில் வாட்ச்மேன், பெண்களுக்கு அனுமதி இல்லை. காக்கா தாடியைச் சொறிந்து யோசித்துவிட்டு, மூன்றாவது மாடியில் பதினோராம் நம்பர் அறையை ரிப்பேர் என்று எழுதி வைத்தார். பொய்யுமில்லை. அதன் ஏசி டிராக்டர் மாதிரி சத்தம் போடும், கோடையில் அதை யாருக்கும் கொடுப்பதில்லை.

"அர்பாபுக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா மூணு பேருக்கும் கலாஸ், சொல்லிட்டேன்" என்றார். அர்பாப் என்றால் முதலாளி. கலாஸ் என்றால், முடிந்தது. அண்ணனுக்கு ஊரில் வீடு பாதிச் சுவரில் நின்றது. விசா கேன்சல் ஆனால் அது அப்படியே நிற்கும்.

மதினி வந்தார். சிறிய உருவம், பெரிய கண். அறைக்குள் காலெடுத்து வைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். வெள்ளைத் துண்டுகளைத் தொடவே மாட்டேன் என்றார், அழுக்காகிவிடுமாம். புதுச் சோப்பைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துக்கொண்டார். அண்ணன் நிலைமை இன்னும் மோசம். அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்து, பெண்டாட்டி படுத்திருக்கும் கட்டிலுக்கு விரிப்பு மாற்ற ஆரம்பித்துவிடுவார். மதினிதான் எங்களிடம் வந்து நியாயம் கேட்டார்.

"தம்பி, எந்திரி எந்திரிங்குறாக. படுத்திருக்கிற ஆளையும் சேத்துல்ல மடிக்கிறாக."

பகலில் அண்ணன் யூனிஃபார்ம் போட்டு, டிராலியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வோர் அறையாகச் செய்து கடைசியில் பதினோராம் நம்பர் கதவைத் தட்டி "ஹவுஸ்கீப்பிங்" என்பார். உள்ளேயிருந்து "யாரு வேணும்?" என்று குரல் வரும். "மேடம், ரூம் கிளீன் பண்ணணும்." "எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காக, பெறகு வாங்க." கீழே ரிசப்ஷன்வரை கேட்கும். காக்கா லெட்ஜருக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பார். அந்த ஹோட்டலில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் சேலை வந்தது.

ஏசி அறையில் சேலை காயாது, நாறும். குளியலறையில் கொடி கிடையாது. மதினி என்ன செய்வார்? ஊரில் மாடிச் சுவரில் போடுவதுபோலத் தன் சிவப்புச் சுங்குடியைப் பால்கனிக் கம்பியில் ஒரு முனை கட்டி, மீதியைக் கீழே தொங்க விட்டுவிட்டார். மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிவரை, கடலைப் பார்க்க, கட்சிக் கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தது. மஸ்கட்டில் ரோட்டைப் பார்த்த பால்கனியில் கர்ச்சீப் காயப்போட்டாலே முனிசிபாலிட்டி கூப்பிட்டுவிடும். பன்னிரண்டு அறைக்கும் அந்த விதியைச் சொல்லத் தெரிந்த அண்ணன் தன் சம்சாரத்துக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

பிற்பகல் அஸர் தொழுகை முடித்துக் கடற்கரைச் சாலையில் நடந்து வந்த அர்பாப் அண்ணாந்து பார்த்தார். வயதானவர், ஒல்லி. பூவேலை செய்த குல்லா, கையில் மெல்லிய பிரம்பு. உள்ளே வந்து இந்தியில் காக்காவிடம் மேலே யார் என்று கேட்டார்.

"இந்தியா ஃபேமிலி, அர்பாப். கெஸ்ட்" என்றார் காக்கா. ரிப்பேர் அறையில் எப்படி கெஸ்ட் என்று அர்பாப் கேட்டிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"கெஸ்ட்டா? அப்படியானால் நானே சொல்கிறேன். நீங்கள் சொன்னால் மனம் புண்படும். கஹ்வா குடிக்கக் கூப்பிடு."

நான் மாடிக்கு மூன்று மூன்று படியாக ஓடினேன். அண்ணன் ஏழாம் நம்பரில் பாத்ரூம் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிரஷ் கையிலிருந்து விழுந்தது. யூனிஃபார்மைக் கழற்றி, என் கட்டம்போட்ட சட்டையை மாட்டி, தலையில் தண்ணீர் தொட்டுச் சீவினோம். எனக்கு வந்த பயத்தில் பித்தானை மாற்றிப் போட்டுவிட்டேன். மதினிதான் நிதானமாக வந்து அதைச் சரிசெய்தார்.

லாபியில் இருந்த சோபாவை அண்ணன் ஆறு வருடமாகத் துடைத்திருக்கிறார். அன்றுதான் அதில் உட்கார்ந்தார், நுனியில், பக்கத்தில் மதினியோடு. நான் கோப்பைகளில் அந்த அரபுக் காப்பியை ஊற்றினேன், பாதி தட்டில் விழுந்தது. அர்பாப் பேரீச்சம்பழத்தை நகர்த்தி வைத்துவிட்டு அண்ணனை நேராகப் பார்த்தார். காக்காவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. நான் என் ஊர் அய்யனாரில் ஆரம்பித்துத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

"மஸ்கட்டுக்கு முதல் தடவையா?" என்றார் அர்பாப்.

"ஹான் ஜி. பெஹ்லி பார்" என்றார் அண்ணன். முதல் தடவைதான்.

அர்பாப் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். எங்கள் வெயில் பொல்லாதது, அழகான சேலையின் சாயம் வெளுத்துவிடும். மொட்டை மாடியில் கொடி இருக்கிறது. "எங்களிடம் ஒரு மதராசி இருக்கிறான். ரொம்ப நல்லவன், ரொம்ப நாளாக இருக்கிறான். அவனிடம் கொடுங்கள், காயப்போட்டு மடித்துத் தருவான்."

"ஷுக்ரன்" என்று நன்றி சொன்னார் அந்த மதராசி.

அர்பாப் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. அண்ணனின் கை, பழக்கதோஷத்தில், காலிக் கோப்பையை எடுக்க நீண்டுவிட்டது. உடம்பும் பாதி எழுந்துவிட்டது. நான் பாய்ந்து கோப்பையைப் பறித்தேன். அர்பாப் அதைப் பார்த்தார், ஒன்றும் தோன்றாதவராகத் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மதினி வாயைத் திறந்தார். கண் அர்பாப் முகத்தைவிட்டு அசையவில்லை.

"ஆறு வருசமா இவுகள ஒரு தடவகூடப் பாத்ததில்லையாமா இவரு? நல்லாப் பாக்கச் சொல்லுங்க காக்கா."

என்ன சொல்கிறார் என்று அர்பாப் கேட்டார். காக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஹோட்டல் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க, அர்பாப்" என்று இந்தியில் அடித்துவிட்டார். கிழவருக்குப் பரம திருப்தி. நெஞ்சில் கை வைத்து மதினிக்குத் தலை தாழ்த்திவிட்டுப் பிரம்பை எடுத்துக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. காக்கா சோபாவிலேயே சாய்ந்துவிட்டார். மதினி சிரிக்கவில்லை. மாடிக்குப் போய்விட்டார். புருஷனுக்கு மரியாதை இல்லையே என்று ரோஷப்படுகிறார் என்று நினைத்தோம், எனக்கும் அதில் நியாயம் தெரிந்தது. தன் ஹோட்டலில் ஆறு வருடம் வேலை பார்த்தவனை யூனிஃபார்ம் இல்லாமல் அடையாளம் தெரியாத நல்ல மனிதர் மேல் எனக்கே கொஞ்சம் கோபம்தான். ஆனால் வேலை தப்பித்ததே, அது போதாதா? மீதி ஐந்து நாளும் சேலை மொட்டை மாடியில் காய்ந்தது.

இதையெல்லாம் நான் கிரீஸ் பால்கனியில் உட்கார்ந்து மனைவியிடம் சொல்லி முடித்தேன். பாதிக் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரியும், இருந்தாலும் கேட்டாள். அந்த ஹோட்டல் இப்போது இல்லை. சென்ற வருடம் மஸ்கட் போனபோது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நின்றது, கீழே வாசனைத் திரவியக் கடை. அர்பாப் காலமாகிவிட்டார். காக்கா காயல்பட்டினத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். சேவுகன் அண்ணன் அதன் பிறகும் ஒன்பது வருடம் அங்கேயே இருந்து, வீட்டைக் கட்டி முடித்து, பாத்ரூம் தரையில் தேய்ந்த இரண்டு முட்டிகளோடு ஊருக்குப் போனார்.

"போன் போடுங்க, மதினிய நான் பாத்ததே இல்ல" என்றாள் மனைவி. வீடியோவில் போட்டேன். அண்ணனும் மதினியும் ஒரே திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வந்தார்கள். கடலைக் காட்டினேன். அட்டையைப் படித்துக் காட்டினேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அன்னைக்கி மட்டும் கெழவன் கண்டுபிடிச்சிருந்தா" என்று ஆரம்பித்தார். நாங்கள் எப்போது பேசினாலும் அந்த இடத்துக்கு வந்துதான் ஓய்வோம்.

"உங்களுக்கெல்லாம் அது சிரிப்பு தம்பி" என்றார் மதினி. "கண்டுபிடிக்கணும், கண்டுபிடிக்கணும்னு நான் எங்க காளியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்டுபிடிச்சிருந்தா அந்த வாரமே அனுப்பியிருப்பாருல்ல. எங்கூடவே ஊருக்கு வந்திருப்பாகல்ல."

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. மதினியைத் திரும்பிப் பார்த்தார்.

"இத இத்தன வருசமா நீ சொல்லவே இல்லியே புள்ள."

"சொல்லி? வீடு பாதியில நிக்கிதும்பீக." அவர் அண்ணனைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். "அடுத்த வருசம் சின்னவ பொறந்தா. அவளுக்கு மூணு வயசு இருக்கையில இவுக லீவுல வந்து வாசல்ல நிக்கிறாக. யாரும்மா இந்த ஆளுன்னு கேட்டா தம்பி. அந்த அர்பாபாவது அன்னைக்கி ஒக்கார வச்சுக் காப்பி குடுத்தாரு. இவ கதவைச் சாத்திட்டா."