வால்வை நான் உதைக்கவில்லை

சென்ற மாதம் நாமக்கல்லில் நடந்த உறவினர் திருமண வரவேற்பில் வாழ்த்திப் பேச என்னை மேடைக்கு அழைத்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள் என்ற முறையில் அந்த அழைப்பை நான் எதிர்பார்த்தே இருந்தேன். எதிர்பாராதது, சித்தப்பாவின் மகன் ஒலிவாங்கியை நீட்டியபடி சொன்னதுதான். "அக்கா கையில மைக்கக் குடுக்கறனுங்க. வால்வு கீல்வு இருந்தா எடுத்து ஓரமா வெச்சுக்கங்க!"

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில், எண்பதைத் தாண்டிய சித்தப்பா எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு வால்வு என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அதை நான் காலால் எத்திக் கெடுத்தவள் என்பது மட்டும் அறுபது ஆண்டுகளாக எங்கள் உறவு முழுவதற்கும் தெரியும். ஆகவே நடந்ததை எழுதிவைக்க வேண்டியதாயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சங்ககிரியில் அத்தையின் திருமணம். அப்பாவின் தம்பியான சித்தப்பா, குமாரபாளையத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்துவந்தார். அந்தக் கிட்டாருக்கென்றே ஓர் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார். முதுகுப்பலகை இல்லாத அந்த மரப்பெட்டிக்குள், பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்ததுபோன்ற, நீளக் கத்தரிக்காய் அளவிலான இரண்டு கண்ணாடி வால்வுகள் அருகருகே நின்றன. ஒலிபெருக்கிக்கு வலுவூட்டுவது அவ்விரண்டும்தான். திருமணத்துக்கு முந்திய வாரம் சித்தப்பா அப்பெட்டியைத் தாமே பிரித்து, இடப்பக்க வால்வுக்குக் கீழே எதையோ மாற்றிப் பற்றவைத்திருந்தார். "மெக்கானிக்கு என்னத்துக்குங்க? நானே பாத்துப்போட்டேன்" என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

திருமணத்தன்று மாலை நடந்த தம் குழுவின் கச்சேரிக்கு என்னைப் பெட்டியின் பின்னால் காவல் வைத்தார். "அம்மிணி, ஒரு ஈ காக்கா கிட்ட வரப்படாது, ஆமா." நான் சம்மணமிட்டு அமர்ந்தேன். காலை நீட்டவே இல்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

மூன்றாவது பாட்டில், இடப்பக்க வால்வின் உள்ளிருந்த தகடு கொல்லன் உலையில் போட்ட இரும்புபோல் சிவக்கத் தொடங்கியது. வலப்பக்கத்தது கறுப்பாகவே இருந்தது. சித்தப்பாவின் சட்டையை இழுத்தேன்.

"சித்தப்பா, உள்ளார ஒண்ணு செவக்குதுங்க."

"வால்வு செவக்காம பச்சையாவா எரியும்? கம்முனு உக்காரு!"

ஐந்தாவது பாட்டில் கிட்டார் கரகரத்தது; பிறகு இரைச்சல், தீய்ந்த வாடை. மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுச் சிரிக்க, சித்தப்பா பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பினார். அவர் பார்வையில் முதலில் பட்டவள் நான்.

"புள்ள காலால எத்திப்போட்டாளுங்க அண்ணா. கண்ணாடிச் சாமானம், தாங்குமா?"

அப்பா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இரு வீட்டாரும் பார்த்திருக்க, "சித்தப்பன் கால்ல உழுந்து மன்னிப்புக் கேளு" என்றார். விழுந்தேன். கேட்டேன்.

மறுநாள் காலை சித்தப்பா என்னைத் தனியே அறைக்குள் அழைத்துக் கதவையும் சன்னலையும் சாத்தினார். முதல்நாள் மாலை மதிப்பற்றிருந்த என் சொல் இப்போது அவருக்குத் தேவைப்பட்டது.

"நேத்து எது செவந்துச்சு?"

இடப்பக்கத்து வால்வைக் காட்டினேன். தாம்பூலத் தட்டிலிருந்த சுண்ணாம்பைத் தொட்டு அதன் அடிக்கட்டையில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு இரண்டையும் கழற்றி, இடத்தை மாற்றிச் செருகி, மின்சாரம் கொடுத்தார். இருட்டில் இருவரும் காத்திருந்தோம். சுண்ணாம்புப் பொட்டு வைத்த வால்வு வலப்பக்கத்தில் சாதுவாக நின்றது. முதல்நாள் பழுதில்லாதிருந்த மற்றது, இடப்பக்கத்துக்கு வந்ததும் சிவந்தது.

சித்தப்பா இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இடப்பக்க அடிப்புறத்தைக் குனிந்து பார்த்தார்.

அந்தப் பார்வையின் பொருளைக் கல்லூரி ஆய்வகத்தில் அமர்ந்து நானாகவே கண்டுகொள்ள எனக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. வால்வு கெட்டிருந்தால் சிவப்பும் அதனோடு இடம் பெயர்ந்திருக்கும். இடப்பக்கத்தில் எதைச் செருகினாலும் சிவக்கிறதென்றால், பழுது வால்வில் இல்லை. அதற்குக் கீழே அவர் பற்றவைத்த இடத்தில் இருக்கிறது. என் குற்றமின்மைக்கான நிரூபணம் என் கண்முன்னே எரிந்து அணைந்திருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இருவர், புரிந்துகொண்டவர் ஒருவர்.

எனக்கு அன்று புரிந்தது வேறு. நேற்று ஒன்றைக் கெடுத்தேன், இன்று மற்றதும் என்னால்தான் கெட்டது என்று எண்ணி ஓவென்று அழுதேன். தூக்கத்தில் நடப்பவர்களைப்போல, எனக்கே தெரியாமல் காலை நீட்டியிருப்பேனோ என்றுகூட நம்பத் தொடங்கிவிட்டேன். "ரெண்டும் போயிருச்சுங்களா சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் என் தலையைத் தடவினார். "போனாப் போச்சாது உடு சாமி. இத நான் ஆருகிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாத" என்றவர், கல்யாண லட்டு ஒன்றை என் கையில் வைத்தார்.

உலகில் இவரைப்போலக் கருணை உள்ளவர் எவருமில்லை என்று நினைத்தேன். பாதி லட்டோடு நிறுத்திக்கொண்டேன். இத்தனை நல்லவருக்குத் தீங்கிழைத்துவிட்டோமே என்று, மீதியை அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் அதையும் வாங்கித் தின்றார்.