கீழ்வீட்டுக் கலத்தியா

கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், வங்கியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன ஓகஸ்டில் இருவரும் ஒன்றாகத் தெஹிவளைக்குப் போய் ஆளுக்கொரு கலத்தியாச் செடி வாங்கினோம். நீண்ட பச்சை இலையில் தூரிகையால் இழுத்ததுபோல் வெளிர்கோடுகள், அடிப்புறம் ஊதா. என்னுடையதில் ஏழு இலைகள், அவளுடையதில் ஐந்து. அன்றே டயறியில் எழுதினேன்.

மார்ச்சில் அவளுடையதில் பத்தொன்பது. என்னுடையதில் ஆறு, ஆறுக்கும் ஓரம் கருகியிருந்தது.

நான் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் அளவுக் கோப்பையால் குழாய் நீர் ஊற்றினேன். வெயில் படாமல் திரைச்சீலை போட்டேன். அவளோ ஏழு மணிக்கே பஸ்ஸுக்கு ஓடுகிறவள். இருந்தும் அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பல்கனியில் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“நான் ஒண்டும் செய்யிறேல்லை அக்கா. உங்கட ஏசித் தண்ணி எங்கட பல்கனியிலை சொட்டுதெல்லோ, வாளி வைச்சுப் பிடிச்சு அதைத்தான் ஊத்துறன். பைப் தண்ணியிலை குளோரின், இதுக்கு ஒத்துவராதாம்.”

என் ஏசியின் தண்ணீர்! அன்று பின்னேரமே அது வடிகிற குழாயை உள்ளே இழுத்து என் வாளிக்குள் விட்டேன்.

நான்காம் நாள் அவள் கதவைத் தட்டினாள். ஏசி பழுதோ, தண்ணீர் வரவில்லையே என்று கேட்டாள்.

“ஓம் பிள்ளை, பழுதாப் போச்சு” என்றேன்.

பழுதான ஏசியை ஓடவிட முடியாது. சத்தம் கீழே கேட்கும். நிறுத்தினேன். என் வாளியும் வறண்டது. மூன்றாம் நாள் என் கணவர் நனைத்த துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு காரணம் கேட்டார். சொன்னேன்.

“ஆறு இலைக்காக என்னை அவிக்கிறீரோ?”

மறுநாள் குழாயைப் பழையபடி வெளியே விட்டு ஏசியைப் போட்டேன். அரை மணித்தியாலத்தில் கீழிருந்து குரல் வந்தது.

“அக்கா, தண்ணி வருது! ஆர் திருத்தினது? நல்ல ஆள் எண்டால் எனக்கும் நம்பர் தாங்கோ.”

தேடித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே என் பல்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன். அவளுடையதில் இருபதாவது இலை சுருள் பிரிந்துகொண்டிருந்தது.