இஸ்திகாராவில் வராத கார்

மாவடிப்பள்ளிப் பாலத்தைத் தாண்டும்போது பின்னேரத்து அஸர் பாங்கு கேட்டது. காரைதீவுச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருக்கலாம். நிற்கத் தோன்றவில்லை. தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரன், மூன்று சேர்ட், ஒரு துவாய், என் மூத்த சகோதரி ராத்தா கட்டித் தந்த சோற்றுப் பார்சல். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் வற்றி, சேற்றில் கொக்குகள் நின்றன.

பின்னால் வந்த ஓட்டோ ஒன்று மெதுவாகி என்னோடு சேர்ந்து உருண்டது. ஓட்டியவன் கல்முனை ஆஸ்பத்திரி வாசலில் எனக்குப் பக்கத்தில் ஹயருக்கு, வாடகைச் சவாரிக்கு, நிற்கிறவன்.

"காக்கா, கார் எங்க?"

"வித்தாச்சி."

"அப்ப நீங்க?"

"நடக்கிறன்."

"அது தெரியிதுதானே," என்று சிரித்தான். சம்மாந்துறை மட்டும் கொண்டுபோய் விடுகிறேன், காசு வேண்டாம் என்றான். நான் கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அவன் நல்லவன். ஏறியிருந்தால் கதை கேட்டிருப்பான். சொல்வதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

விற்ற கார் என்னுடையதல்ல. என் ராத்தாவுடையது. சரியாகச் சொன்னால் அவளுடைய கணவருடையது, என் மச்சானுடையது. ராத்தாவின் ஒரே மகள் பிறப்பதற்கு முதல் வருஷம் அவர் வாங்கிய வெள்ளைக் கார். வாங்கும்போதே பழையது. அதில் ஹயர் ஓடித்தான் வீட்டையும் கட்டினார், மகளையும் கம்பஸ் வரைக்கும் படிக்க வைத்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழு எடுக்கப் போனவர் கிணற்றடியில் விழுந்து, உயிர் போய் மௌத்தாகிவிட்டார்.

அப்போது நான் அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்களின் அலைப் பலகைகளை வானின் கூரையில் கட்டுவது, அவிழ்ப்பது, அவர்களைக் கடற்கரையில் இறக்குவது. அதற்கு முன் கட்டாரில் கம்பனிச் சாரதி. அதற்கு முன் ஐஸ் லொறி, அரிசி ஆலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் மூன்று வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. ஒரு தடவை கலியாணமும் செய்தேன். அது பதினொரு மாதம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடிந்தால் ஆண்தான் அந்த வீட்டில் போய் ஏறுவான். முறிந்தால் ஆண்தான் பையை எடுத்துக்கொண்டு இறங்குவான். நானும் அப்படித்தான் ஏறினேன், அப்படித்தான் இறங்கினேன்.

மச்சானின் மையத்து அடக்கத்துக்கு வந்தவன் அப்படியே ராத்தா வீட்டில் தங்கினேன். கார் ஓட ஆள் இல்லாமல் நின்றது. நான் எடுத்து ஹயர் ஓடினேன். காலையில் ஆஸ்பத்திரி வாசல், பின்னேரம் பஸ் ஸ்டாண்டடி. மாதத்துக்கு ஒரு நாள் ராத்தாவை மட்டக்களப்புக்கு இருதயக் கிளினிக்குக் கொண்டுபோவேன். அன்றைக்கு வேறு ஹயர் எடுக்க மாட்டேன்.

அப்படிப் போன ஒரு நாள்தான் களுவாஞ்சிக்குடிக்கு இந்தப் பக்கம் கார் சூடேறி நின்றது. பொனட்டைத் திறந்தால் ஆவி. ராத்தா றோட்டோரத்து மதகுக் கட்டில் குந்தியிருந்தாள். கிளினிக் கொப்பியை வெயிலுக்குத் தலையில் பிடித்திருந்தாள். கார் ஆறி, தண்ணீர் தேடி ஊற்றி, போய்ச் சேரும்போது அன்றைய நம்பர் முடிந்துவிட்டது. டொக்டர் எழுந்து போய்விட்டார்.  வரும் வழியில் ராத்தா, மச்சான் ஓடும்போதும் இது இப்படித்தான் நின்றது என்றாள். அது பொய். என் மனம் நோகக் கூடாது என்று சொன்னது.

அடுத்த நாள் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ் மெக்கானிக் பாஸ், மச்சான் காலத்திலிருந்து இந்தக் காரைப் பார்க்கிறவர். ஹெட் கேஸ்கட் போயிருந்தது, ரிங் தேய்ந்திருந்தது. பிறகு கால் வைக்கிற இடத்து விரிப்பைத் தூக்கி, துருப்பிடித்த தகட்டில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"எஞ்சினச் செய்யலாம் மச்சான்," என்றார். "எஞ்சினச் சுத்தி இரிக்கிற கார யார் செய்ற?"

எவ்வளவு காலம் ஓடும் என்று கேட்டேன். இரண்டு வருஷமும் ஓடலாம், இரண்டு மாதமும் ஓடலாம், என்னிடம் சத்தியம் கேட்காதே என்றார்.

வீட்டில் அந்த வாரம் முழுக்க இதே கதைதான். ராத்தாவின் மகளுக்குக் கலியாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. வழக்கப்படி முன்வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ராத்தா குசினிப் பக்கத்து அறைக்கு மாறியிருந்தாள். மாப்பிள்ளை அம்பாறையில் ஒரு கந்தோரில் வேலை. மோட்டார் சைக்கிளில் போய் வருவார். அதிர்ந்து பேசாத மனிதர். அவர்தான் பற்றரியும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் காரின் கதையை முதலில் எடுத்தார். வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு பழைய ஹைபிரிட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறுகின்றன, இந்த வயசில் மாமி றோட்டில் குந்தியிருக்கத் தேவையில்லை என்றார். அதில் பிழை சொல்ல முடியாது.

லீசிங்கில் எடுப்பது என்ற பேச்சே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே ராத்தா அஸ்தஃபிருல்லா என்று சொல்லி எழுந்து போய்விடுவாள். வட்டி வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகவே ஹைபிரிட் வாங்குவதென்றால் இறக்காமத்தில் மச்சான் விட்டுப்போன வயலை விற்க வேண்டும். கடைசி இரண்டு போகமும் அதில் பாதியை யானை தின்றது. என்றாலும் வயல் வயல்தான். பழைய காரைச் செய்வதென்றால் வயல் மிஞ்சும்.

நானும் மிஞ்சுவேன். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹைபிரிட் வந்தால் மாப்பிள்ளை ஓட்டுவார், அதை ஹயருக்கு விட மாட்டார்கள். பழசு இருந்தால் அதை ஓட்ட என்னை விட்டால் ஆள் இல்லை. ஹயர் இருக்கும்வரை அந்த வீட்டில் நான் இருக்க ஒரு காரணம் இருக்கும். கல்முனையில் எல்லோருக்கும் தெரிகிற கணக்கு இது.

ராத்தா இஸ்திகாரா தொழுதாள். ஒரு காரியத்தில் முடிவு தெரியாவிட்டால் இரவில் இரண்டு ரகஅத் தொழுது, அல்லாஹ்விடம் கேட்டுவிட்டுப் படுப்பது. எங்கள் ஊரில் பெண் எடுப்பதற்கும் தொழுவார்கள், கடை போடுவதற்கும் தொழுவார்கள். காருக்குத் தொழுததை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. மூன்று இரவு தொழுதாள். மூன்று காலையும் நான் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு கொஞ்சம் அதிகமாக நின்றேன்.

முதல் காலை ஒன்றும் இல்லை. இரண்டாம் காலை, கனவில் மச்சான் பலாப்பழம் தின்றுகொண்டிருந்தார் என்றாள்.

"உம்மா, பலாப்பழம் எண்டா ஹைபிரிட்டா, பெற்றோலா?" என்று மகள் கேட்டாள்.

"வாயப் பொத்து கா," என்றாள் ராத்தா. ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் காலை கனவே இல்லை. அன்றைக்குப் புறோக்கர் ஒருவன் சாய்ந்தமருதிலிருந்து சாம்பல் நிற ஹைபிரிட் ஒன்றைக் கொண்டுவந்தான். ஓடிப் பார்த்துச் சொல் என்று ராத்தா என்னை அனுப்பினாள். நான் பொத்தானை அழுத்திவிட்டுச் சத்தம் வரட்டும் என்று பார்த்திருந்தேன்.

"அது ஸ்டார்ட் ஆகிட்டு மச்சான்," என்றான் புறோக்கர். "நீங்க மிதிங்க."

கட்டாரில் கம்பனி எனக்கு இப்படியொன்றைத் தந்திருந்தது. பழக்கமானதுதான். எப்படியோ மறந்துபோய்விட்டது. அக்கரைப்பற்று றோட்டில் நிந்தவூர் தாண்டிப் போய்த் திரும்பினேன். பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் பற்றரிக்குக் கரண்ட் ஏறுவதைத் திரையில் பார்த்தேன். ஏசியைப் போட்டுக்கொண்டு சந்தியில் நிறுத்தி, பற்றரி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தேன். பின்சீற்றின் ஓரத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கிற துவாரம் இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக் காரில் அது பிஸ்கட் தூளாலும் தூசியாலும் அடைபட்டுக் கிடக்கும், பற்றரி வெந்துபோகும். இதில் சுத்தமாக இருந்தது. புறோக்கர் தந்த பரிசோதனைத் தாள் இங்கிலீஷில் இருந்ததால் புறப்படும் முன் ராத்தாவின் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தேன். எனக்கு இலக்கம் மட்டும் போதும். இலக்கங்களும் நன்றாகத்தான் இருந்தன.

திரும்பி வரும் வழியிலேயே நான் ஒரு பொய்யைச் செய்து வைத்திருந்தேன். பெரிய பொய்யல்ல. பற்றரி இரண்டு வருஷத்தில் போகும், புதிது போடுவதற்கு இன்னொரு வயல் வேண்டும் என்று சொன்னால் போதும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். ராத்தாவின் மகளுக்கு அந்த இலக்கங்களின் பொருள் தெரியாது, மாப்பிள்ளைக்கும் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாரும் மறுத்துப் பேசப் போவதில்லை.

ராத்தா குசினியில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ஒண்டும் காட்டல்ல," என்றாள். "காட்டாட்டி, தெரிஞ்ச ஆளிட்ட மஷூரா கேக்கத்தான் வேணும். வயலக் குடுத்து வாங்குற சாமான் தம்பி. உன்ட வாயால வாறதுதான் எனக்கு இஸ்திகாரா. சொல்லு."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் பொய் வந்திருக்கும். வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. என்னை யாரும் அதற்கு முன் அப்படி ஒரு இடத்தில் வைத்துக் கேட்டதில்லை.

"பழசச் செய்யாதீங்க ராத்தா. அத வாங்குங்க," என்றேன்.

"பற்றரி?"

"நல்லாரிக்கி."

அவள் கையிலிருந்த வெங்காயத்தை முழுக்க உரித்து முடித்தாள். பிறகு, ஹயர் என்ன செய்வாய் என்று கேட்டாள். பார்ப்பம் என்றேன். பிறகு நான் போய்ப் பழைய காரைக் கழுவினேன். விற்கப் போகிற காரை ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. கை சும்மா இருக்கவில்லை.

எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. வயலை இறக்காமத்து ஆள் ஒருவரே வாங்கினார். பழைய காரை உதிரிப்பாகத்துக்கென்று ஒருவன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். புதுக் காரை மாப்பிள்ளையின் பேருக்குப் பதிந்தார்கள். அது எழுதப்பட்ட நாளில் எனக்குக் கோபமோ கவலையோ வரும் என்று பார்த்தேன். பசிதான் வந்தது. கடைக்குப் போய் ஒரு கொத்து ரொட்டி தின்றேன்.

அடுத்த கிளினிக் நாளுக்கு மாப்பிள்ளை லீவு போட்டார். ராத்தாவும் மகளும் பின்னால். எனக்கு வழி காட்ட முன் சீற். நேரான றோட்டில் காட்ட என்ன வழி இருக்கிறது? அவர் கவனமாக ஓட்டினார். ஏசி கூடுதலா மாமா என்று இரண்டு தடவை கேட்டார். கிளினிக்கில் நம்பர் எடுத்து, ராத்தாவுக்குப் பக்கத்தில் அவரே குந்தினார், மருந்து வாங்க அவரே போய் நின்றார். நான் வாசலில் நின்று மற்றச் சாரதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருந்தேன். காலையில் காரைக் கழுவுவேன். ஒரு நாள் மாப்பிள்ளை பல் விளக்கிக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"மாமா, அந்தச் சவர்க்காரம் போடாதீங்க. பெயின்ற் போயிரும்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இதை எழுத வேண்டும், ஏனென்றால் ஊரில் வேறு மாதிரிக் கதைப்பார்கள். புறப்பட்ட அன்று லுஹர் தொழுதுவிட்டு வந்து பையைக் கட்டினேன். ராத்தா வந்து பார்த்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போய் வாழையிலையில் சோறு கட்டினாள். மீன் பொரியல் இரண்டு துண்டு வைத்தாள், யோசித்து மூன்றாவதும் வைத்தாள்.

"செய்வம் எண்டு நீ சொல்லியிருந்தா, பழசச் செஞ்சிருப்பன்," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சிதானா சொன்ன?"

நான் செருப்பைப் போட்டேன். எப்ப வாற என்று கேட்டாள். வருவன் என்றேன். கேற்றை அவள்தான் மூடினாள்.

சம்மாந்துறைக்குப் போய்ச் சேரும்போது பொழுது பட்டு மஃரிப் நேரம். பள்ளியில் தொழுது, பார்சலை அவிழ்த்துத் தின்றேன். வழிப்போக்கன், முஸாபிர் என்று சொன்னதும் பள்ளி மோதினார் ஒரு பாயைத் தந்தார். நன்றாகத் தூங்கினேன். கனவு ஒன்றும் வரவில்லை.

விடியச் சுபஹ் தொழுகை முடிந்து தேத்தண்ணிக் கடையில் நின்றபோது வயல்காரப் போடியார் ஒருவர் ஆள் தேடிக்கொண்டு வந்தார். அறுவடை முடிந்து நெல் ஈரமாகக் கிடக்கிறது, வரவேண்டிய கூலியாள் வரவில்லை. என்னைப் பார்த்துவிட்டு என்ன வேலை தெரியும் என்று கேட்டார்.

"ட்ரைவிங்."

"வாகனம் இல்ல. நெல்லுதான் இரிக்கி."

வருகிறேன் என்றேன். அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் மூட்டைகளுக்கு மேல் ஏறிப் போனேன். ஊருக்கு வெளியே, தார் றோட்டின் ஒரு பாதியில், நீளமாகப் படங்கு விரித்தோம். வாகனங்கள் ஏறாமலிருக்க ஓரம் முழுக்க முழத்துக்கு ஒரு கல் வைத்தேன். மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டிப் பரப்பினோம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் காலால் உழுதுவிட வேண்டும், மாடு வந்தால் விரட்ட வேண்டும், பின்னேரம் மழை இருட்டினால் உடனே கூட்டி மூட வேண்டும், பகல் சோறு வீட்டிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நெல்லில் இறங்கினேன்.