எங்கள் குசினிக்குத் தொண்ணூற்றொரு டைல்ஸ்

மகளின் வகுப்பாசிரியை என்னைப் பாடசாலைக்கு வரச் சொல்லி அனுப்பியபோது அவள் தரம் நான்கில் படித்துக்கொண்டிருந்தாள். நான் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஆசிரியை கோபமாக இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். மகளின் கணிதக் கொப்பியில் விடைகளெல்லாம் சரியாக இருக்கின்றனவாம். ஆனால் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் சோக்கைப் பிடித்தபடி சும்மா நிற்கிறாளாம். விசாரித்தபோது விசயம் வெளியே வந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு என் மகள் தன் இடைவேளைச் சாப்பாட்டைக் கொடுக்கிறாள். அந்தப் பிள்ளை தன் கொப்பியைக் கொஞ்சம் இந்தப் பக்கமாகச் சாய்த்து வைக்கிறது. மூன்று வாரமாக இது நடந்திருக்கிறது.

ஓட்டோவில் திரும்பி வரும்போது முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு, பள்ளி விட்டு வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் அவள் சோற்றுக்குப் பறந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. வளருகிற பிள்ளை, பசிக்கிறது என்று நினைத்திருந்தேன். என் பிள்ளை மூன்று வாரம் பட்டினி கிடந்து விடை வாங்கியிருக்கிறாள். பதினாறு வயதில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவை கணிதத்தில் தவறி, இரண்டாம் தடவை தட்டுத் தடுமாறித் தேறியவள் நான். இது என்னிடமிருந்துதான் போயிருக்கும் என்று தோன்றியது. அதனால் ஏச நினைத்த ஏச்சு மனதோடு நின்றுவிட்டது.

அன்றைக்கே பெருக்கல் வாய்ப்பாட்டு அட்டை ஒன்றை வாங்கி வந்து குசினிச் சுவரில் ஒட்டினேன். நான் தேங்காய் துருவும் நேரம் அவள் அதன் முன்னால் நின்று சொல்ல வேண்டும். ஆறாம் வாய்ப்பாடு வரை ஒருவாறு வந்தாள். ஏழில் அழுகை. நாலாம் நாள் ஏழாம் வாய்ப்பாட்டைப் பிழையில்லாமல் சொல்லி முடித்தாள். நான் சந்தோசப்பட்டு, ஏழாறு எத்தனை என்று தனியாகக் கேட்டேன். அவள் ஓரேழு ஏழிலிருந்து திரும்பத் தொடங்கி, நடுவில் தடுமாறி மறுபடியும் அழுதாள். அவள் கணக்குப் படிக்கவில்லை, ஒரு பாட்டைப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

என் கணவர் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கும் மேசன். மருதமுனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் அவர் பதித்த நிலங்கள் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்பதால், பிள்ளையின் படிப்பை என் பொறுப்பில் விட்டுவிட்டு ஒதுங்கியே இருப்பார். அன்று வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தவரின் காதில் இந்த ஏழாம் வாய்ப்பாட்டு அழுகை விழுந்தது. குசினி வாசலில் வந்து நின்றார்.

"அந்த மட்டையை விடு மகள்," என்றார். "பின்வளவுக்கு வா. எனக்கு ஒரு வேல செஞ்சி தா."

பின்வளவில், மதிலோரமாக, வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ்களை அடுக்கி வைத்திருந்தார். வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று கொடுத்துவிட்டவை. அவற்றுள் உள்ளங்கையளவான குளியலறைச் சுவர் டைல்ஸும் ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து பன்னிரண்டை எண்ணி அவள் முன்னால் வைத்து, நிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரு பெட்டி மாதிரி அடுக்கச் சொன்னார். ஒன்றும் மிஞ்சக் கூடாது, ஒன்றும் வெளியே நீட்டக் கூடாது.

அவள் நாலு நாலாக மூன்று வரி வைத்தாள். வேறு மாதிரி ஏலுமா என்று கேட்டார். ஆறு ஆறாக இரண்டு வரி. இன்னும் என்றார். நீளமாக ஒரே வரி. மறுகா பதினெட்டைக் கொடுத்தார். பிறகு இருபத்துநாலு. இருபத்துநாலை நாலு விதமாக அடுக்கிவிட்டு அவளே கைகொட்டினாள். கண்ணீர் காய்ந்த கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. அதற்கு மேல்தான் அவர் பதின்மூன்றைக் கொடுத்து, ஒரே வரியாக மட்டும் வைக்கக் கூடாது என்றார்.

பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை அவள் அந்தப் பதின்மூன்றோடு மல்லுக்கட்டினாள். மூன்று வரி வைத்தால் ஒன்று மிஞ்சும். இரண்டு வரி வைத்தாலும் ஒன்று மிஞ்சும். நாலு வரி வைத்தாலும் அதே கதை.

"வாப்பா, இதுக்கு ஏலா," என்றாள் கடைசியில். "இது குழப்படி நம்பர்."

அவர் தலையை ஆட்டி, இன்னும் எத்தனை குழப்படிக்காரர் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கச் சொன்னார். அடுத்த சில நாட்களில் பின்மதிலில் சோக்கால் ஒரு பட்டியல் வளர்ந்தது. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு. அதைப் பார்த்தபோது எனக்குப் பாடசாலைக் காலத்து "முதன்மை எண்கள்" என்ற சொல் ஞாபகம் வந்தது. வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி எழுதியிருக்கிறேன். ஆனால் அது இப்படி ஒழுங்காக அடுக்கப்பட மறுக்கும் கூட்டம் என்று எனக்கு ஒருவரும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எதைத் தொட்டாலும் கணக்கு வந்தது. ஏழாறு எத்தனை என்று நான் கேட்டால், ஆறு வரி அடுக்கியதை மனதில் பார்த்து, முப்பத்தைந்தும் ஏழும் என்று மெதுவாகச் சேர்த்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரைக்குப் போனால், இழுத்து வைத்திருக்கும் ஒரு தோணியிலிருந்து அடுத்த தோணி வரை வாப்பாவும் மகளும் காலடி எண்ணி நடப்பார்கள். ஒரு நாள் அவருக்கு நாற்பது, அவளுக்கு அறுபது. மணலில் குந்தியிருந்து யோசித்துவிட்டு, "வாப்பாட ரெண்டு காலடி, என்ட மூண்டு காலடி," என்று அவளாகவே கண்டுபிடித்தாள். நான் கடலைக் கோதை உடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அந்தப் பொறாமையில்தான் நானும் ஒரு விளையாட்டுத் தொடங்கினேன். இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி சுடும்போது, அதை வெட்டிப் பின்னம் சொல்லிக் கொடுக்கலாம் என்று. ஒரு ரொட்டியை இரண்டாக வெட்டி அரை என்றேன். நாலாக வெட்டிக் கால் என்றேன். நன்றாகத்தான் போனது. அப்போது அவள் கேட்டாள்.

"உம்மா, மூண்டில ஒண்டா பெரிசு, நாலில ஒண்டா பெரிசு?"

"நாலில ஒண்டு," என்றேன் நான், அடுப்பில் கிடந்த ரொட்டியைப் புரட்டிக்கொண்டே. மூன்றைவிட நாலு பெரிது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் இன்னொரு ரொட்டியை எடுத்து, கஷ்டப்பட்டு மூன்று சம துண்டாக வெட்டினாள். அதில் ஒன்றின் மேல் கால் துண்டை வைத்தாள். கீழே இருந்த துண்டு சுற்றிலும் வெளியே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி துளியும் இல்லை. தனக்கு ஒரு தோழி கிடைத்துவிட்டது என்பது போல ஒரு சந்தோசம்தான் இருந்தது.

"உம்மாக்கும் கணக்குப் பிழைக்கும், என்ன," என்றாள்.

ஓம் என்றேன். பரீட்சையில் தவறிய கதையையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். சாப்பாட்டைக் கொடுத்து விடை வாங்கிய கதையை அவளும் தன் வாயால் என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ரொட்டித் துண்டுகளைச் சம்பலோடு சாப்பிட்டு முடித்தோம்.

எங்கள் குசினியின் நிலம் வெறும் சீமெந்து. ஊரெல்லாம் டைல்ஸ் பதிக்கிறவரின் வீட்டுக் குசினி இப்படிக் கிடக்கிறதே என்று நான் சொல்லாத நாள் இல்லை. மிஞ்சிய டைல்ஸ் பத்தாது என்பதுதான் அவருடைய பதில். ஒரு பின்னேரம் அவள் வாப்பாவின் அளவு நாடாவை எடுத்து வந்து குசினியை அளந்தாள். ஒரு பக்கம் பதினோரு அடி, மற்றப் பக்கம் ஒன்பது அடி. ஓரடிச் சதுர டைல்ஸ் என்றால் தொண்ணூற்றொன்பது வேண்டும். பின்வளவில் எண்ணினாள். கிறீம் நிறத்தில் நாற்பத்தைந்து, சாம்பலில் முப்பது, மண்ணிறத்தில் பதினேழு. மொத்தம் தொண்ணூற்றிரண்டு.

பார்த்தாயா, பத்தாது என்றார் அவர். சரியாக இருந்தாலும் வெட்டும்போது உடைவது, ஓரத்தில் கழிவது என்று இன்னும் குறைந்தது பத்து வேண்டும் என்று தொழில் நியாயமும் சொன்னார். அவள் கட்டம் போட்ட கொப்பியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். இரண்டு நாள் அதே வேலையாக இருந்தாள். அழிப்பதும் வரைவதும், குசினிக்குள் வந்து எட்டிப் பார்ப்பதும், திரும்பிப் போவதும். மூன்றாம் நாள் கொப்பியை அவர் முன்னால் வைத்தாள்.

அடுப்பு வைத்திருக்கும் சீமெந்து மேடை நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம். நிலத்திலிருந்து கட்டி எழுப்பியது. அதற்குக் கீழே டைல்ஸ் வேண்டியதில்லை. எட்டுக் குறைந்தால் தொண்ணூற்றொன்று. மேடை மூலையில் இருப்பதால், அதன் விளிம்பிலிருந்து தொடங்கினால் முழு டைல்ஸாகவே போகும், ஓரிடத்திலும் வெட்டத் தேவையில்லை. ஒன்று மிஞ்சும். மூன்று நிறத்தையும் பென்சிலால் தீட்டியிருந்தாள். நடுவில் மண்ணிறத்தில் ஒரு கூட்டல் குறி, அதைச் சுற்றிச் சாம்பல், மற்றதெல்லாம் கிறீம்.

அவர் கொப்பியைக் கையில் எடுத்தார். பென்சில் முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினார். பிறகு குசினிக்குப் போய் மேடையின் விளிம்பில் நாடாவைப் பிடித்துப் பார்த்தார். நானும் மகளும் வாசலில் நின்றோம்.

"இத்தின வருசமா நான் பத்தாதெண்டு சொல்லிட்டிருந்தன்," என்றார் அவர் என்னைப் பார்த்து. மகளிடம் திரும்பி, "சனிக்கிழம பதிப்பம். நீதான் மேசன், நான் கையாள்."

சனிக்கிழமை காலை குசினிச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து, வளவில் கல் அடுப்பு மூட்டினேன். அவள் கொப்பியைப் பார்த்து நிறம் சொல்ல, அவர் கலவை பூசிப் பதித்தார். நடுப்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் எல்லாம் கொப்பியில் உள்ளபடியே போனது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்தபோது பிழை தெரியத் தொடங்கியது. வாசல் பக்கம் ஒன்பது அடி இருந்த அறை, உள்ளே போகப் போக அகன்றது. அடுத்த முனையில் டைல்ஸுக்கும் சுவருக்கும் இடையில் மூன்று அங்குலம் இடைவெளி. வீடு கட்டியவர்கள் சுவரைக் கோணலாக எழுப்பியிருக்கிறார்கள். மகள் ஓர் இடத்தில் மட்டும்தான் அளந்திருந்தாள்.

அவள் கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் கணக்குப் பிழைத்துவிட்டது என்று சொல்லி அழுதாள். நான் ஓடிப் போய் அணைக்க நினைத்தேன். அவர் கையால் வேண்டாமென்று காட்டினார்.

"கணக்குப் பிழைக்கல்ல மகள்," என்றார். "செவருதான் பிழ. நானும் பாக்கல்ல, நீயும் பாக்கல்ல. இனி எந்த ஊட்டுக்குப் போனாலும் ரெண்டு பக்கமும் அளப்பம்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் அன்றைக்கு எல்லாருக்கும் பிடித்த வேலை. பின்வளவில் உடைந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, மிஞ்சிய ஒன்றையும் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டினோம். அந்த நீண்ட ஆப்பு வடிவ இடைவெளியை அவள் துண்டு துண்டாக நிரப்பினாள். ஒடுங்கிய பக்கம் நகக்கண் அளவுத் துண்டு, அகன்ற பக்கம் மூன்று விரல் அளவுத் துண்டு. எந்தத் துண்டைத் திருப்பினால் எந்த இடத்தில் பொருந்தும் என்று அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அவருக்குக்கூட இரண்டு தடவை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்வந்து அவர் இடுக்குகளைப் பூசி முடித்தார். இரண்டு நாள் ஒருவரும் மிதிக்கக் கூடாது என்று வாசலில் கதிரையைக் குறுக்கே போட்டுக் காவலிருந்ததும் அவள்தான்.

தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு அவள் எழுபத்தொன்று எடுத்தாள். வகுப்பில் அதைவிடக் கூட எடுத்த பிள்ளைகள் நிறைய. ஆனால் அத்தனையும் அவளுடைய புள்ளிகள். ஏழெட்டைக் கேட்டால் இப்போதும் உடனே சொல்ல மாட்டாள். ஏழேழு நாற்பத்தொன்பதோடு ஒரு வரி கூட வைக்கிறேன் என்று சொல்லி ஐம்பத்தாறுக்கு வந்து சேருவாள். ஆசிரியை பெற்றார் கூட்டத்தில் அந்தக் குழப்படி நம்பர்கள் பற்றி என்னிடம் விசாரித்தார். மகள் வகுப்பில் இடைவேளை நேரம் போத்தல் மூடிகளை வைத்து மற்றப் பிள்ளைகளுக்கு அடுக்கக் கொடுக்கிறாளாம்.

இப்போது அவள் தரம் ஐந்து. புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சிப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. போன கிழமை பரப்பளவுக் கணக்குகள் ஐந்தைத் தனித் தாளில் எழுதி என்னிடம் தந்து, உம்மாவும் செய்ய வேண்டும் என்றாள். நான் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தேன். அவள் சிவப்புப் பேனையோடு எதிரே இருந்து திருத்தினாள். நாலு சரி. மூன்றாவதில் ஒரு மேடையைக் கழிக்க மறந்திருந்தேன். அதைச் சுற்றி வட்டம் போட்டு, "மீண்டும் செய்க" என்று ஆசிரியை எழுதுவது போலவே சாய்த்து எழுதித் தந்தாள்.

கஞ்சி வடித்துவிட்டு வந்து மீண்டும் செய்தேன். இந்த முறை சரி வந்தது.