ராகுகாலத்தில் நின்ற ரயில்

எங்கள் ஊருக்கு வரவிருந்த ஸ்டேஷனைக் கெடுத்த மடையன் நான்தான். இன்று சேரன்மகாதேவியில் இறங்கி, கால் வீங்கிய மாமாவோடு ஊருக்கு நடக்கையில், கடந்துபோன வண்டியின் கரிப்புகை மூக்கிலேறியதும் அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது.

ஸ்டேஷன் கேட்டு மாமா மனுவோடு அலைந்த அலைச்சலில், அன்று ஒருநாள் வண்டியை நிறுத்திப் பார்ப்பதாக ரயில்வேக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆள் ஏறினால் ஸ்டேஷன் உண்டு. ஊரே வெற்றிலைக் கூடைகளோடு திரண்டது. வண்டியும் நின்றது. என் பத்து வயது வாய் சும்மா இருக்குமா?

"ஏ அத்தை, ராகுகாலம்லா! ஏறுனா ஆத்துக்குள்ளதான் இறங்கணும்!"

அத்தை சிரிக்கவில்லை, பின்வாங்கினாள். அவளோடு ஊரும் பின்வாங்கியது. மாமா மட்டும் ஏறி நின்று, "ஏறுங்கவே, ஏறுங்க!" என்று கத்தியபடியே வண்டியோடு போய்விட்டார். அடுத்த ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார், இன்றுவரை நடக்கிறார்.

இப்போது வழியில் மூட்டையை இறக்கிக் காலை நீவினார்.

"மாமா, அன்னைக்கு விளையாட்டுக்குத்தான் சொன்னேன்," என்றேன்.

"தெரியும். மூட்டையத் தூக்குலே."