கண்ணாடியாக மினுங்கிய குழல்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கராஜில் போன வாரம் என் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வால்வு தேய்ப்பதற்காக மெக்கானிக் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறப் பசை; கிரீசில் நறநறவென்ற பொடியைக் குழைத்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு முனியாண்டி அண்ணனின் ஞாபகம் வந்துவிட்டது. மெக்கானிக் ஏதோ கேட்டார், நான் தலையாட்டினேன். சங்கிலியையும் மாற்றச் சம்மதித்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்த புதிது. வயது இருபத்தொன்று. மீசை ஒழுங்காக வராத குறையைப் பெரிய கைக்கடிகாரம் கட்டிச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஆபீஸ் இரும்பு அலுமாரியில் தோட்டத்துக்குச் சொந்தமான ரைஃபிள் ஒன்று இருந்தது. தேயிலைக் கன்றுகளையும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மரக்கறிப் பாத்திகளையும் கிண்டிப் போடும் காட்டுப்பன்றிகளுக்காக. அதைத் தொடுகிற ஒரே ஆள் காவல்காரர் முனியாண்டி. ஐம்பது வயதிருக்கும். ஒரு பன்றிக்கு இரண்டாவது தோட்டா செலவழித்தார் என்று யாரும் சொன்னதில்லை. சுட்டு முடித்ததும் கம்பியில் பழந்துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, குழலுக்குள் நாலு தரம் இழுப்பார். பிறகு காய்ந்த துணி, ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான் அவர் வைத்தியம்.

வருடத்துக்கு ஒருமுறை லைசன்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியைப் பதுளைக் கச்சேரியில், அரசாங்க அதிகாரிகளிடம், காட்ட வேண்டும். அந்த வருடம் அது என் தலையில் விழுந்தது. தோட்டத்தில் யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால் எல்லாம் மினுங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடும் மணியைப் புளி போட்டுத் தேய்ப்போம். பாதையோரக் கல்லுக்குக்கூட வெள்ளை அடிப்போம். அந்தப் புத்தியோடு குழலுக்குள் எட்டிப் பார்த்தேன். மங்கலாக இருந்தது. பொறுக்குமா எனக்கு? ஃபெக்டரி ஃபிட்டரிடம் வால்வு தேய்க்கும் பசையை வாங்கி வந்து, துணியில் அப்பி, அரை நாள் இழுத்தேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

மறுநாள் முனியாண்டி அண்ணன் குழலின் பின்பக்கம் கட்டைவிரல் நகத்தை வைத்து, அதில் வெளிச்சம் பிடித்து உள்ளே பார்த்தார்.

"கண்ணாடியாட்டம் வச்சிருக்கீங்களே, கிளாக்கரய்யா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு பன்றிகள் தப்பத் தொடங்கின. ஒன்று, இரண்டு, ஐந்து. ஒரு நாள் மாலை, இந்த லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் இருக்கும் தூரத்தில் நின்ற கொழுத்த பன்றியே தப்பி ஓடியது. கிழங்குப் பாத்திகளைப் பறிகொடுத்த பெண்கள் பெரட்டில் சத்தம் போட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரை எல்லார் முன்னாலும் சொன்னார்: "முனியாண்டி, ஒனக்குக் கண்ணு போச்சு."

அவர் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்தார். நேரே என் மேசைக்கு வந்து துப்பாக்கியை வைத்தார்.

"கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. துப்பாக்கி நீங்க தொடச்சு வச்சது, அதுல குத்தமில்ல. அப்ப என் கைதான் நடுங்குது போல. எனக்கே தெரியலீங்க."

அடுத்த வாரம் மண்வெட்டி வேலைக்கு மாறிக்கொண்டார். அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. ரைஃபிள் அலுமாரியில் கிடந்தது.

மறு வருடம் கச்சேரிக்குப் போகும்போது, ஒரு ஆணி தளர்ந்திருக்கிறதே என்று கடைவீதியில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். அவர் குழலுக்குள் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உள்ளுக்குப் புரியே இல்லியே தம்பி. என்னத்தப் போட்டுத் தேச்சீங்க?"

குழலுக்குள் திருகாணிப் புரிபோல் ஓடும் வரிகள்தான் தோட்டாவைச் சுழற்றி நேராக அனுப்புமாம். நான் மங்கல் என்று நினைத்துத் தேய்த்துத் தள்ளியது அந்த வரிகளைத்தான்.

திரும்பும் பஸ்ஸில், இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. ஆகட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். நிரந்தரமானது. பிறகு மாற்றலும் வந்தது. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, நான் கோழை.

முனியாண்டி அண்ணன் இறந்த செய்தி போன வருடம் பிந்தித்தான் கிடைத்தது. அந்தத் தோட்டத்துக்குப் போனேன். துப்பாக்கியை அரசாங்கம் எப்போதோ கேட்டு வாங்கிக்கொண்டது. காவல்காரர் என்ற வேலையே இப்போது இல்லை. ஆபீஸ் கூரையில்லாமல் நிற்கிறது. பாதித் தேயிலை காடாகிவிட்டது. பன்றிகள் பகலிலேயே நடமாடுகின்றன. லயத்தில் அவர் மனைவி தேத்தண்ணி தந்தார். நான் ஒரு கையால் வாங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவரு கடைசி வரைக்கும் ரெண்டு கையாலதாங்க வாங்கிக் குடிச்சாரு. பேரப்புள்ளைய ஒரு தடவகூட தூக்கினதில்ல. கை நடுங்கும், போட்டுருவேன்னுவாரு. நடுங்கி நான் ஒருநாளும் பாத்ததில்லீங்க."

"நடுங்கலக்கா. துப்பாக்கிய நான்தான் தேச்சுக் கெடுத்தேன்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"இத அவருகிட்டதாங்க சொல்லியிருக்கணும்."