ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பாஸ் மார்க்

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உன் உடம்பு எடையை பெஞ்ச் பிரஸ்ஸில் மல்லாந்து படுத்துத் தூக்கிவிட்டால், அதில் ஒன்றரை மடங்கைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்துவிட்டால், இரண்டு மடங்கைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால், நீ கத்துக்குட்டியும் இல்லை, பெரிய ஆளும் இல்லை. எங்கள் கள்ளிக்குப்பம் ஜிம்மில் அதற்கு இன்டர்மீடியட் என்று பெயர். முப்பத்தொன்பதாவது வயதில் நான் அந்த மூன்றையும் தாண்டினேன். பதினாறு வருட அலுவலக வாழ்க்கையில் என்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எதுவும் சொன்னதில்லை.

பிறகு தோள்பட்டை போயிற்று. ஆறு மாதம் எடையைத் தொடக்கூடாது என்றார் எலும்பு டாக்டர். ஓடலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரமே எனக்குப் பழைய அரிப்பு வந்துவிட்டது. ஓட்டத்தில் இன்டர்மீடியட் என்றால் எவ்வளவு? உடம்பு எடை பெஞ்சுக்குச் சமமாக ஐந்து கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும்? அதற்காக நான் போட்ட அட்டவணையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். என்னோடு ஓடிய நண்பனின் நுரையீரல் கெட்டுக்கொண்டே போனதை நிமிடம், நொடி சுத்தமாக வாராவாரம் அந்த அட்டவணையில் குறித்து வைத்தவன் நான். குறித்தேனே தவிர, பார்க்கவில்லை. இதையே திரும்பத் திரும்ப நினைத்து அலுத்துவிட்டது. எழுதியாவது வைக்கலாம் என்று தோன்றியது.

அவன் ஜிம்மில் பழக்கமானவன். கள்ளிக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவன், என் வயதுதான். இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. வார்த்தெடுத்த இரும்பு உருப்படிகளின் மேல் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வான். மூக்கை மூடி ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்வான், அவ்வளவுதான் பாதுகாப்பு. நான் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். மூன்றாவது மாடி ஃபிளாட், நாள் முழுக்க லேப்டாப். அவனால் என் பெஞ்ச் எடையில் பாதியைத்தான் தூக்க முடியும். அதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் முப்பது நிமிடம் என்றார், இன்னொருவர் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறவன் ஓடவே வேண்டாம் என்றார். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானே முடிவு செய்தேன். முப்பது நிமிடம் என்றால் முக்கால் எடை பெஞ்ச். இருபத்தைந்து என்றால் முழு எடை, அதுதான் இன்டர்மீடியட். இருபத்திரண்டுக்குள் வந்தால் இரண்டு மடங்கை எடுத்த மாதிரி. இதைக் கொண்டுபோய் அவனிடம் காட்டினேன்.

"இன்னா மச்சான், ஓடறதுக்குக் கூட பாஸ் மார்க் வெச்சிக்கினு கீற?" என்றான்.

"எவ்வளவு ஓடினா போதும்னு தெரிய வேண்டாமாடா?"

"மூச்சு வாங்குச்சுன்னா நிறுத்து. அவ்ளோதான் மேட்டரு."

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை என்று வைத்துக்கொண்டோம். ஏழரை மணிப் பூசைக்கு அவன் குடும்பத்தோடு மாதா கோயிலில் இருந்தாக வேண்டும். ஆகவே ஐந்து மணிக்கே என் வண்டியில் கிளம்பி, நெமிலிச்சேரிப் பக்கம் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டுக்குப் போய்விடுவோம். அங்கே மேடு பள்ளம் இல்லை, நாய்களும் குறைவு. முதல் ஞாயிறு, பழைய கேன்வாஸ் ஷூவில், ஒரு பயிற்சியும் இல்லாமல் அவன் இருபத்து நான்கு நிமிடம் பத்து நொடியில் ஓடி முடித்தான். நான் முப்பத்து மூன்றைத் தாண்டினேன். கைக்கடிகாரம் தூரத்தைச் சரியாகக் காட்டவில்லை, இது செல்லாது என்றேன். சிரித்துக்கொண்டே மறு வாரமும் ஓடிக் காட்டினான். பத்து நொடிதான் வித்தியாசம். எனக்கு வயிறு எரிந்தது.

அது போன அக்டோபர். ஜனவரியில் ஒரு நாள் அவன் நேரம் இருபத்தைந்து நிமிடம் நான்கு நொடி என்று வந்தது.

"நாலு செகண்டு தான மச்சான், ரௌண்டா போட்டுக்கோ."

"முக்கால்வாசி தூக்கிட்டு மிச்சத்தை ரௌண்டு பண்ணுன்னா ஜிம்ல ஒத்துக்குவாங்களாடா?" என்றேன். அன்று அவன் பெயருக்கு நேராக ஃபெயில் என்று போட்டேன். அட்டவணையில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதில் 'பொங்கல் சாப்பாடு' என்று எழுதினேன்.

அடுத்து தவக்காலம் வந்தது. அவர்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி, மீன் கிடையாது. அவன் முட்டையைக்கூட விட்டுவிட்டான். நேரம் இருபத்தாறரை ஆயிற்று, இருபத்தேழு ஆயிற்று. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புரோட்டீன் இல்லாமல் தசை எப்படி நிற்கும் என்று வண்டியில் போகும்போதும் வரும்போதும் பாடம் எடுத்தேன். பருப்பையாவது அதிகமாகச் சாப்பிடு என்றேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். அவ்வப்போது இருமினான். 'தவக்காலம், கறி இல்லை' என்று ஆறு வாரம் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். ஆறு வாரமும் ஒரே குறிப்பு. போனில் மேல் கட்டத்தில் எழுதியதை அப்படியே கீழே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஈஸ்டருக்கு அவன் வீட்டில் மட்டன் பிரியாணி. நானும் போய் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மறு ஞாயிறு அவன் பழையபடி ஓடுவான் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம் பயந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இருபத்தெட்டேகால். 'பிரியாணி மயக்கம்' என்று எழுதினேன். அதற்கடுத்த வாரங்களில் 'வெயில்'. பிறகு 'சோம்பல்'. அந்தச் சொல்லை நான்கு முறை எழுதியிருக்கிறேன்.

நான் மட்டும் ஏறிக்கொண்டே வந்தேன். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு இருபத்தேழு நிமிடம் நாற்பது நொடியில் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவனைக் காணோம். நான்கு நிமிடம் கழித்து நடந்து வந்தான். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, முட்டியில் கை ஊன்றி, பேச முடியாமல் கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். நான் அவனையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்தேன். அந்த வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலைப்பொழுது வேறு இல்லை. அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவனை வீட்டில் இறக்கிவிட்டபோது அவன் மனைவி வாசலுக்கு வந்தார். அவன் உள்ளே போகும்வரை காத்திருந்து என்னிடம் சொன்னார்.

"அண்ணா, அவருக்கு இன்னான்னு நீங்களே கேளுங்கண்ணா. தண்ணி கேன தூக்கிகினு மாடி ஏறசொல்லோ நடுவுல நின்னுடுறாரு. கேட்டா, ஞாயித்துக்கெயம ஓடி ஓடி காலு வலிக்குதுன்றாரு."

அவரிடம் கால் வலி என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாக் காரணங்களையும் நானே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லீவு போட்டு அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். அவன் மனைவியும் வந்தார். எக்ஸ்ரே, ஸ்கேன் என்று மூன்று நாள் அலைந்தபின் நெஞ்சுநோய் டாக்டரின் முன்னால் உட்கார்ந்தோம். எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று அந்த டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு மாசமா கீது மேடம்," என்றான். பட்டறையில் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. நான் போனை எடுத்து அட்டவணையைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அக்டோபரிலிருந்து மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே வந்தார்.

"இந்தக் குறிப்பெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான் மேடம்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பல வருட மணல் தூசி நுரையீரலில் தழும்பாகப் படிந்திருக்கிறது என்றார். போனது திரும்பாது, அந்த வேலையை விட்டால் மிச்சம் இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்றார். அக்டோபரிலேயே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அதை இப்போது பேசிப் பயனில்லை என்று முடித்துவிட்டார். அவன் மனைவிதான், வேறு என்ன வேலை செய்யலாம் மேடம் என்று கேட்டார்.

அங்கேயும் ஒரு பரீட்சை வைத்திருந்தார்கள். நீளமான வராந்தாவில் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என இரண்டு பிளாஸ்டிக் கூம்புகள். ஆறு நிமிடத்தில் அவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பார்கள். ஓடக்கூடாது, வேண்டுமானால் நின்றுகொள்ளலாம். நர்ஸ் அவன் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டி, கையில் கடிகாரத்தோடு நின்றார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தான். நான்காவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மறுபடி நடந்தான். முன்னூற்று நாற்பது மீட்டர் என்று நர்ஸ் எழுதினார்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். மூச்சு ஒரு நிலைக்கு வர வெகுநேரமாயிற்று.

"சிஸ்டர், இதுக்கு பாஸ் மார்க் எவ்ளோ?"

"இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாதுங்க," என்றார் நர்ஸ்.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு மச்சான். நம்ம கணக்குல இது எங்க வரும்?"

"இன்டர்மீடியட்டுடா," என்றேன்.

அவன் என் தொடையில் ஒரு தட்டு தட்டினான்.

"எனக்கு நாலு செகண்டு கூட வுட்டுக் குடுக்காத ஆளு மச்சான் நீ," என்றான். "இப்ப போய் பொய் சொல்லாத. பயமா கீது."